உள்ள ஜட்டியே இல்லாத ஜட்டி பட்டை: ஒரு டிராக் பேன்ட் ரிவ்யூ

இடுப்புல ஜட்டி பட்டை தெரியிற மாதிரி பேன்ட்ட இறக்கி போடுற ஸ்டைல் செத்துப்போச்சுன்னு நெனச்சிட்டு இருக்கவங்களுக்கு: அது திரும்ப வந்து கொஞ்ச வருஷம் ஆச்சு, இந்த தடவ ஆம்பள பொம்பள வித்தியாசம் இல்லாம போடுறாங்க. நான் இங்க சொல்லப்போறது அதுக்குன்னு வந்திருக்க ஒரு ஷார்ட்கட் ஐட்டம் பத்தி. பாக்க சாதா டிராக் பேன்ட்தான், ஆனா இடுப்புல அகலமான எலாஸ்டிக் பட்டை, அதுக்கு கீழ ரெண்டு விரல் அகலத்துக்கு கட்டம் போட்ட பாக்ஸர் துணி, அதுக்கும் கீழதான் பேன்ட்டே ஆரம்பிக்குது, எல்லாத்தையும் ஒன்னா சேத்து தச்சு வச்சிருக்காங்க. பாக்குறவனுக்கு நாம பாக்ஸர் போட்டு மேல பேன்ட்ட இறக்கி விட்டிருக்கோம்னு தோணும். உள்ள பாக்ஸர்லாம் ஒன்னும் கிடையாது. கட்டத்துணி பேன்ட்டுக்குள்ள கொஞ்சூண்டு போயி அதோட முடிஞ்சிடுது. பிராண்ட் பேர் சொல்லல, சொல்லியும் பிரயோஜனம் இல்ல, இதே பேன்ட்ட இதே போட்டோவ வச்சு ஆன்லைன்ல ஆளாளுக்கு ஒரு பேர்ல வித்துட்டு இருக்கான்.

ஐடியா இவனுங்களோடது இல்ல. 2021ல பாலென்சியாகான்னு ஒரு பெரிய ஃபேஷன் கம்பெனிக்காரன் இதே மாதிரி ஒரு ஸ்வெட்பேன்ட் விட்டான், பாக்ஸர் மேல்பக்கம் உள்ளயே தச்சது, விலை 1,190 டாலர். அப்ப டிக்டாக்ல பயங்கரமா திட்டு வாங்கினான், திட்டுனதுல நியாயமும் இருந்துச்சு. அமெரிக்கால கறுப்பின பசங்க இப்படி பேன்ட்ட இறக்கி போட்டதுக்காக ஊர் ஊரா சட்டம் போட்டு புடிச்சிருக்காங்க. லூசியானாவுல டெல்காம்பர்னு ஒரு சின்ன ஊர், அங்க 2007ல போட்ட சட்டப்படி ஜட்டி தெரிஞ்சா 500 டாலர் வரைக்கும் ஃபைன், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். அதே மாநிலத்துல ஷ்ரீவ்போர்ட்லயும் அதே வருஷம் வந்துச்சு, அத எடுத்தது 2019லதான், அதுவும் இந்த சட்டத்த சொல்லி போலீஸ் ஒருத்தர தொரத்திப்போயி அவர் செத்துப்போனதுக்கு அப்புறம். ஒருத்தன் போட்டா கேஸு, இன்னொருத்தன் தச்சு வித்தா டிசைனரா? கோவம் வரத்தான் செய்யும். இப்ப நான் வாங்கினது அந்த டிசைனர் ஐட்டத்தோட காப்பிக்கு காப்பி.

சரி பேன்ட்டுக்கு வரேன். நல்லத மொதல்ல சொல்லிடுறேன், பெருசா சொல்ற மாதிரி ஒன்னே ஒன்னுதான் இருக்கு, பேன்ட் கழண்டு விழாது. நெஜமா இறக்கி போடுறவங்களுக்கு தெரியும், அது சும்மா இல்ல, ஒரு கை எந்நேரமும் முன்னாடி புடிச்சிட்டே இருக்கணும், கால அகட்டி அகட்டி நடக்கணும், படி ஏறுறப்ப பேன்ட் ஒரு பக்கம் நாம ஒரு பக்கம் போவோம், பஸ்ஸுக்கு ஓடணும்னா அன்னைக்கு கதை கந்தல். இதுல அந்த தொல்லை இல்ல, பட்டை இடுப்புலயே நிக்குது, கையும் ஃப்ரீ.

ஆனா உள்ள நம்ம ஜட்டிய போட்டுத்தானே ஆகணும்? அங்கதான் ஆரம்பிக்குது. நம்ம ஜட்டி எலாஸ்டிக் ஒன்னு, அதுக்கு மேல இவன் குடுத்த டூப்ளிகேட் எலாஸ்டிக் ஒன்னு, ரெண்டும் ஒரே எடத்துல உக்காந்துக்கிட்டு வயித்த அமுக்குது, கொஞ்ச நேரம் உக்காந்து வேல பாத்துட்டு எழுந்து சட்டைய தூக்கி பாத்தா தண்டவாளம் மாதிரி ரெண்டு கோடு. வேர்க்குற நேரத்துல அந்த கோட்டுல அரிப்பு வேற. சரின்னு நம்ம ஜட்டிய கொஞ்சம் மேல ஏத்தி விட்டா இன்னும் கேவலம், டூப்ளிகேட் ஜட்டிக்கு மேல ஒரிஜினல் ஜட்டி எட்டிப்பாக்கும். ஜட்டி தெரியணும்னு காசு குடுத்து வாங்கிட்டு நம்ம ஜட்டி தெரிஞ்சிடக்கூடாதேன்னு நாள் பூரா கீழ இழுத்து விட்டுட்டு இருக்குற நெலம வேற யாருக்கும் வரக்கூடாது.

முன்னாடி ஓபனிங்கும் கிடையாது. கட்டத்துணில மடிப்பு இருக்கு, மடிப்புல அழகா ஒரு சின்ன வெள்ள பட்டன் இருக்கு, சரி தெறக்கும்னு நம்பி அவசரத்துக்கு போயி நின்னீங்கன்னா அவ்ளோதான், அது சும்மா ஷோவுக்கு தச்சது. முழுசா இறக்கித்தான் ஆகணும். நாடா வேற பேன்ட்டோட மடிப்புக்குள்ள ஓடுது, அதாவது பாக்ஸர் துணிக்கு கீழ, அத இறுக்குனா இடுப்பு இறுகாது, குண்டிக்கு மேலதான் சுருங்கும். புடிச்சி நிறுத்துறது பூராவும் அந்த மேல் எலாஸ்டிக் மட்டும்தான், அது தொளதொளன்னு ஆன அன்னைக்கு பேன்ட்டும் காலி.

இப்ப அந்த பட்டைய பத்தி சொல்லணும், ஏன்னா இந்த ஸ்டைலே அதுல இருக்க எழுத்துலதான் ஓடுது. ஜட்டி பட்டைல கம்பெனி பேர பெருசா போட்டு அத ஒரு கெத்தா மாத்துனது கால்வின் க்ளைன். 1982ல டாம் ஹின்ட்னாஸ்னு ஒரு போல் வால்ட் பிளேயர வெள்ள ஜட்டியோட நிக்க வச்சு நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர்ல போர்டு வச்சாங்க. 1985ல வந்த பேக் டு த ஃபியூச்சர் படத்துல, 1955க்கு போயிடுற பையனோட ஜட்டில இருக்க பேர பாத்துட்டு அந்த பொண்ணு அவன் பேரே கால்வின் க்ளைன்னு நெனச்சுக்குமே, அந்த அளவுக்கு அந்த எழுத்து ஃபேமஸ் ஆயிடுச்சு. 1992ல அப்ப ராப் பாடிட்டு இருந்த மார்க் வால்பெர்க்கையும் மாடல் கேட் மாஸையும் வச்சு விளம்பரம் வந்துச்சு, அதுக்கப்புறம் பட்டை தெரியலன்னாதான் வேஸ்ட்டுங்கிற மாதிரி ஆயிடுச்சு.

அந்த மாதிரி நல்ல பட்டைல எழுத்து நெய்திருக்கும், ஜக்கார்டுன்னு சொல்லுவாங்க. பட்டைய திருப்பி உள்பக்கம் பாருங்க, அதே எழுத்து தலைகீழ் கலர்ல தெரிஞ்சா நெய்தது, எத்தன தடவ தொவச்சாலும் எழுத்து போகாது. உள்பக்கம் வெறுமனே வெள்ளையா இருந்தா மேல ஒட்டுன பிரின்ட். அதயும் ரெண்டு கையால இழுத்து பாத்தா தெரிஞ்சிடும், எழுத்து வெடிச்சு நடுவுல அடி கலர் பல்ல இளிக்கும். இந்த பேன்ட்டுல இருக்கறது ரெண்டாவது ரகம். வாங்குனப்ப பளிச்சுன்னு இருந்துச்சு, கொஞ்சம் தொவைக்கிறதுக்குள்ள எழுத்துல பாதி உதிர்ந்துடுச்சு, இப்ப யாரும் படிக்க முடியாத ஒரு பேர இடுப்புல கட்டிட்டு நிக்கிறேன். பட்டையும் ஓரத்துல அலை அலையா நெளிஞ்சு, குனிஞ்சா மடங்கி சுருட்டிக்குது. சுடுதண்ணில போட்டது ஒரு காரணமா இருக்கலாம், எலாஸ்டிக்ல இருக்குற ஸ்பான்டெக்ஸ் நூலுக்கு சூடு ஆகாது, ப்ளீச்சும் ஆகாது, ஆனா அத லேபிள்ல போடணும்ல? லேபிள்ல சைஸ் மட்டும்தான் இருக்கு.

எனக்கு உள்ளாடை வெளிய தெரியிறதுல பிரச்சன ஒன்னும் இல்ல, அத மொதல்ல தெளிவா சொல்லிடுறேன், இதுக்கு கீழ கமென்ட்ல கலாச்சாரத்த காப்பாத்த வராதீங்க. இப்ப கல்யாணத்த தவிர எல்லா எடத்துக்கும் போட்டுட்டு போற டீ ஷர்ட்டே ஒரு காலத்துல யூனிஃபார்முக்கு உள்ள போட்ட பனியன்தான். 1783ல பிரான்ஸ் ராணி மரி அன்டுவானெட் வெள்ள மஸ்லின் கவுன்ல இருக்குற மாதிரி வரைஞ்ச படத்த பாத்துட்டு, ராணி உள்பாவாடையோட நிக்கிறான்னு கத்தி அந்த படத்தையே கண்காட்சில இருந்து எடுக்க வச்சாங்க. 1990ல மடோனா டூர்ல போட்ட கூம்பு பிராவ எடுத்துக்கோங்க, ஜான் பால் கோத்தியேங்கிற ஃபேஷன் டிசைனர் பண்ணது, அது உள்ள போடுறதுக்குன்னு தச்சதே கிடையாது, மேடைல வெளிய போடணும்னே தச்சது, அதுல ஒளிவு மறைவு இல்ல. நம்ம சூப்பர்மேன் மட்டும் என்ன, 1938ல இருந்து பேன்ட்டுக்கு மேல ஜட்டி போட்டவரு, 2011ல காமிக்ஸ்ல அத கழட்டுனாங்க, 2018ல திரும்ப மாட்டி விட்டுட்டாங்க, அது இல்லாம ஆளு என்னவோ மாதிரி இருந்தாரு.

ஆக ஒன்னு நெஜ ஜட்டி தெரியணும், இல்லன்னா வெளிய போடுறதுக்குன்னே உருப்படியா தைக்கணும். இது ரெண்டுலயும் சேராது. ஜட்டி வேலையும் பாக்காது, பேன்ட் வேலையும் ஒழுங்கா பாக்காது.

இந்த லுக் வேணும்னா ஜக்கார்டு பட்டை வச்ச ஒரு நல்ல பாக்ஸர் பிரீஃப் வாங்குங்க, பட்டை நாலு சென்டிமீட்டர் அகலம் இருந்தா போதும், உள்பக்கம் வெல்வெட் மாதிரி மெத்துன்னு இருக்குற எலாஸ்டிக்கா பாத்து எடுங்க. அதுக்கு மேல ஒரு சைஸ் பெருசா லூஸ் பேன்ட் போட்டு பட்டை மட்டும் தெரியிற அளவுக்கு நாடாவ கட்டுங்க. பட்டைக்கு கீழ துணி தெரியிற அளவுக்கு போகாதீங்க, போனா மறுபடியும் கை புடிச்சிட்டேதான் நடக்கணும்.

ரேட்டிங் அஞ்சுக்கு ஒன்னரை, அந்த அரை கழண்டு விழாததுக்கு. ரிட்டர்ன் போட்டேன், ரிஜெக்ட். காரணம் கேட்டா இது இன்னர்வேர் கேட்டகரி சார், ஹைஜீன் பாலிசிப்படி திருப்பி எடுக்க மாட்டோம்ங்கிறாங்க. இதுல இன்னர்வேரே இல்லயேப்பா, அதுதானே கம்ப்ளைன்ட்டேன்னு சொன்னா, உங்க ஃபீட்பேக்குக்கு நன்றின்னு ஒரு மெசேஜ் வருது. டெய்லர்கிட்ட குடுத்து அந்த பட்டையும் கட்டத்துணியும் பிரிச்சு எடுத்துட்டு புது எலாஸ்டிக் வைக்க சொல்லிருக்கேன், பாக்கெட்டும் துணியும் நல்லாதான் இருக்கு, வீட்டுல போட்டுக்கலாம்.