ஏறும்போது 14 வீல்சேர், எறங்கும்போது 4

ஊருக்குப் போயிட்டு வந்து ஒரு வாரம் ஆச்சு. தங்கச்சி பொண்ணு காதுகுத்து நல்லபடியா முடிஞ்சுது, மழை இல்ல, பந்தியில குறை இல்ல, மாமன் சீர் குறைச்சல்னு யாரும் மூஞ்சத் தூக்கல, அதனால அதப்பத்தி எழுத ஒண்ணும் இல்ல. எழுத வந்தது வேற. சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்டுல ஏறினதுலருந்து திரும்பி சாங்கியில எறங்குற வரைக்கும் இந்த வீல்சேர் சமாச்சாரம் என்ன விடவே இல்ல.

திருச்சி ஃப்ளைட் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாததா. அட்டப்பெட்டிக்குக் கயிறு கட்டி, மார்க்கர்ல பேரும் ஊரும் எழுதி, எடை மெஷின்ல ஏத்தி எறக்கி, ரெண்டு கிலோ கூடுதுன்னு மைலோ பாக்கெட்ட உருவி கைப்பையில திணிச்சு, கோடாலித் தைலத்த துணிக்கு நடுவுல சுருட்டி வச்சு, அதெல்லாம் முடிச்சு கேட்டுக்கு வந்தோம். நாங்க போன டெர்மினல்ல செக்யூரிட்டி கேட் வாசல்லயே, உள்ள போயிட்டா டாய்லெட் கிடையாது, வெளிய வந்தா திரும்ப ஸ்கேன். பையன் சரியா உள்ள போனப்புறம்தான் அவசரம்னான். அவனக் கூட்டிட்டுப் போயிட்டு வந்து நிக்கும்போது பாத்தேன், கண்ணாடி ஓரமா வரிசையா வீல்சேர். வேற வேல இல்லாததால எண்ணுனேன். 14.

ஒரே ஒரு ஆள மட்டும் சொல்றேன். பாட்டில் பச்சைக் கலர் பட்டுச்சேல, கழுத்துல கனமா செயின், வயசு ஒரு ஐம்பத்தஞ்சு இருக்கலாம். நாற்காலியில உக்காந்து போன்ல யாருக்கோ சாம்பார் பொடி அளவு சொல்லிட்டு இருந்தாங்க. கூட மூணு பேர், பை ஏழு. கூப்பிட்டதும் அந்த மூணு பேரும் ஏழு பையும் "வீல்சேர் ஃபேமிலி"ன்னு ஒரே நாற்காலிக்குப் பின்னால உள்ள போயாச்சு. கைக்குழந்தை வச்சிருந்த பொண்ணு ஒண்ணு அவங்களுக்கு அப்புறம்தான் போச்சு. காசு கட்டி ப்ரையாரிட்டி வாங்குனவங்க அதுக்கும் அப்புறம். எங்க வீட்டுல அதுக்குக் காசு கட்டலாம்னுதான் சொன்னாங்க, நாலு மணி நேர ஃப்ளைட்டுக்கு எதுக்குன்னு நான்தான் வேணாம்னேன், அது வேற கதை, அத இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

நாங்க ஏறும்போது எங்க 11ஆவது வரிசைக்கு மேல உள்ள கேபின் ரொம்பிடுச்சு. எல்லாம் பச்சப்பட்டு அக்கா வீட்டுப் பை. என் பை 24ஆவது வரிசைக்குப் போச்சு. இதுல என்ன இருக்குன்னு தோணும். 180 பேர் உக்கார்ற ப்ளேன்ல நடுவுல ஒரே ஒரு பாதை, பை உங்களுக்குப் பின்னாடி இருந்துச்சுன்னா எதிர்நீச்சல் போட்டு எடுக்க முடியாது, அத்தன பேரும் எறங்கி முடிக்கிற வரைக்கும் உக்காந்தே இருக்கணும். மொதல்ல ஏறுறதுல உள்ள லாபமே இந்த மேல் கேபின்தான், சீட் நம்பர் எப்படியும் டிக்கெட்லயே இருக்கே.

ஆனா எனக்குப் பை கூட பெருசா படல. கதவு மூடப் போற நேரத்துல ஒரு பெரியவரக் கொண்டு வந்தாங்க. சர்க்கரையில எடது கால்ல ரெண்டு வெரல் எடுத்தவர், கட்டுப் போட்ட காலுக்கு ஒரு செருப்பு, இன்னொரு காலுக்கு ஷூ. எல்லாரும் அவரத்தான் லேட்டா வர்ற ஆள் மாதிரி பாத்தாங்க. என் பக்கத்து சீட்டுதான். அவர் பாவம், மூணு மணி நேரம் முன்னாடியே வந்தவராம், தள்ளுற ஆள் பத்தலன்னு செக்-இன் பக்கமே உக்கார வச்சிட்டாங்களாம். "அவங்க என்ன செய்வாங்க தம்பி, இருக்குறதே அஞ்சாறு பேரு"ன்னாரு. மொத ஆளா ஏத்த வேண்டியவர கடைசி ஆளா ஏத்தி, அவருக்குன்னு வச்ச கௌரவம் சாம்பார் பொடிக்குப் போச்சு.

திருச்சியில சக்கரம் தரையத் தொட்டுச்சு, சீட்பெல்ட் லைட் அணையல, அதுக்குள்ள டக் டக்னு பெல்ட் கழட்டுற சத்தம். பச்சப்பட்டு அக்கா எந்திரிச்சு, எட்டி, அந்த ஏழு பையில ரெண்ட தானே எறக்குனாங்க. ஒரு பை என் மனைவி தலைக்கு ஒரு சாண் மேல போச்சு. நானும் ஏரோபிரிட்ஜ் வந்து பாத்தேன், வாசல்ல நாற்காலிய வச்சிக்கிட்டு பசங்க பேர் பட்டியலோட நிக்கிறாங்க, உக்காந்தது 4 பேரு. மிச்சம் பத்துப் பேருக்கும் நடுவானத்துல கால் வந்துடுச்சு. சமயபுரத்தாள் அந்தப் பக்கம்தானே இருக்கா, மேலருந்து பறக்கும்போதே பாத்து அருள் பண்ணிட்டா போலருக்கு.

ஏர்போர்ட்டுல கிரவுண்ட் வேல பாக்குற சிநேகிதன் ஒருத்தன் இருக்கான், ஊர்லருந்தே அவனுக்குப் போன் போட்டுக் கொட்டுனேன். அவன் சிரிச்சிட்டு, "எந்திரிச்சு நடந்துட்டா பொய்யின்னு அர்த்தம் இல்லடா"ன்னான். வீல்சேர் கேக்குறவங்களுக்கு டிக்கெட்ல போடுற கோட் (குறியீடு) மூணு விதமா இருக்காம். டபிள்யூசிஹெச்ஆர்னா படி ஏறுவாங்க, ப்ளேனுக்குள்ள நடப்பாங்க, ஆனா ரொம்ப தூரம் நடக்க முடியாது. கடைசி எழுத்து 'ஆர்'க்குப் பதிலா 'எஸ்'னா படி ஏற முடியாது. 'சி'ன்னா சீட்டு வரைக்கும் கொண்டுபோய் உக்கார வைக்கணும். கேக்குற முக்காவாசிப் பேரு 'ஆர்'தான். மூட்டு வலிக்காரங்க அதுலதான் வருவாங்க, ஏமாத்துறவங்களும் அதுலதான் வருவாங்க, மூஞ்சப் பாத்து எது எதுன்னு சொல்ல முடியாது. இந்தியாவுல விதிப்படி 48 மணி நேரம் முன்னாடி சொன்னா போதும், உண்மையா வேண்டியவங்களுக்கு இதுக்குத் தனிக் காசு வாங்கக் கூடாது. அமெரிக்காவுல சர்டிஃபிகேட் காட்டுன்னு கூட கேக்க முடியாது, 1986லயே சட்டம். அங்க 2024ல ஒரு பட்ஜெட் ஏர்லைன் தலைமை அதிகாரியே பொதுவுல புலம்புனாரு, 20 பேரு வீல்சேர்ல ஏறுனாங்க, எறங்கும்போது 3 பேருதான் கேட்டாங்கன்னு. ஊனமுற்றோர் பார்க்கிங்ல வண்டிய விட்டா அபராதம் போடுற மாதிரி இதுக்கும் போடணும்னாரு. நம்மாளுங்க மட்டும்தான்னு நெனச்சிட்டு இருந்தேன், கொஞ்சம் ஆறுதலாத்தான் இருந்துச்சு.

அதே 2024 பிப்ரவரியில மும்பையில நடந்தத அவன் சொன்னப்ப சிரிப்பு நின்னுடுச்சு. வயசான தம்பதி, ரெண்டு நாற்காலி கேட்டிருந்தாங்க, வந்தது ஒண்ணு. மனைவிய அதுல உக்கார வச்சிட்டு 80 வயசுக்காரர் பின்னாடியே நடந்திருக்காரு, இமிக்ரேஷன் பக்கம் விழுந்தவர் பொழைக்கல. அந்த ஏர்லைனுக்கு 30 லட்சம் ரூபா அபராதம் போட்டாங்க. அன்னைக்கு ஏன் நாற்காலி பத்தலன்னு எனக்குத் தெரியாது, ஆனா என் பக்கத்து சீட்டுப் பெரியவர் கண்ணு முன்னாடி வந்தாரு.

எடம் பிடிக்கிற புத்தி நமக்கு எங்கருந்து வந்துச்சுன்னு யோசிச்சேன். டவுன் பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டப் போட்டு வளந்தவங்க நாம. எங்க தாத்தா நாகப்பட்டினத்துலருந்து ரஜூலா கப்பல்ல டெக் பாசஞ்சரா வந்தவரு, அங்கயும் பாய விரிச்சவனுக்குத்தான் எடம்னு சொல்லுவாரு. சிங்கப்பூர்ல மட்டும் என்ன, ஹாக்கர் சென்டர் சாப்பாட்டுக் கடைகள்ல மேசையில டிஷ்யூ பாக்கெட்ட வச்சு எடம் பிடிச்சு 'சோப்' (chope) பண்றோமே. ஆனா இங்க டிஷ்யூவ யாரும் நகத்த மாட்டாங்க, எம்ஆர்டி ரயில் கதவுகிட்ட எறங்குறவங்களுக்கு வழி விட்டு ஓரமா நிப்பாங்க. இங்க இருக்கும்போது ஒழுங்கா நிக்கிற அதே ஆளுதான் திருச்சி கேட் நம்பர் வந்ததும் வேற ஆளா மாறிடுறான். அந்த 14ல பாதிப் பேரு இங்க வீடு வாசல்னு இருக்குறவங்கதான், பேச்சுலயே தெரிஞ்சுது.

இவ்வளவும் பேசிட்டு இப்ப என் கதைக்கு வரேன்.

திரும்பி வரும்போது அம்மாவும் கூட வந்தாங்க, மூணு மாசம் இருக்கட்டும்னு. திருச்சியில 2024ல தொறந்த புது டெர்மினல் பளபளன்னு இருக்கு, கோயில் கோபுரம் மாதிரி கலரு, பழைய கொட்டகையில டிராலிக்கு அடிச்சிக்கிட்ட காலம் போச்சு, ஆனா கொட்டகைக்கு வெளிய மொத்த கிராமமும் வந்து நின்னு அழுதுச்சே அது இப்ப இல்ல. சரி. கவுண்டர்ல அந்தப் பொண்ணு பாஸ்போர்ட்டப் பாத்துட்டு, "மேடத்துக்கு வீல்சேர் இருக்கு சார், உக்காருங்க, ஆள் வரும்"னுச்சு.

எனக்குப் புரியல. தம்பிதான் டிக்கெட் போட்டவன், அவன் வேல. அம்மாவுக்கு அறுபத்தெட்டு, கால்ல ஒண்ணும் இல்ல, பங்குனியில சமயபுரத்துக்கு நடந்தே போற ஆளு.

"ஏம்மா, நீங்க கேட்டீங்களா?"

"ஆமாடா. போன தடவ தனியா வந்தேன்ல, ஏர்போர்ட்டுக்குள்ள ஓடுற அந்தக் குட்டி ரயிலுல எல்லாரும் ஏறுனாங்கன்னு நானும் ஏறிட்டேன், வேற எங்கயோ கொண்டு விட்டுட்டான். அங்கருந்து யாரக் கேக்குறது? ரேகை வைக்கிற எடத்துல கட்ட வெரலு விழமாட்டேங்குது, அவன் இங்கிலீசுல என்னமோ சொல்றான். நாற்காலின்னா கூட ஒரு ஆளு வரும்."

கூட ஒரு ஆளு. சிநேகிதன் சொன்னது அப்பதான் ஞாபகம் வந்துச்சு, நடக்கத் தெரிஞ்ச, வழி தெரியாத ஆளுக்குன்னே மாஸ்னு (MAAS) தனியா ஒரு கோட் இருக்காம், ஆனா அதக் கேக்கணும்னு யாருக்கும் தெரியாது, வீல்சேர்னா எல்லாருக்கும் தெரியும். இப்பதான் நான் கூட இருக்கேனே, வேணாம்னு சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நாற்காலி வந்துடுச்சு, தள்ளுற பையன் "வாங்க சார், எல்லாரும் இந்தப் பக்கம்"னான். சத்தியமா சொல்றேன், வாய மூடிக்கிட்டேன். செக்யூரிட்டியில தனி வழி. இமிக்ரேஷன்ல தனி வழி. ஏறும்போது மொத ஆளா போனோம், மேல் கேபின் பூரா காலி, கதவ ஒவ்வொண்ணா தொறந்து பாத்து எங்க தலைக்கு மேலயே மூணு பையையும் வச்சேன். வரிசையில நின்ன ஒருத்தன் என்னப் பாத்தான் பாருங்க, அந்தப் பார்வை எனக்கு நல்லாத் தெரியும், ரெண்டு வாரம் முன்னாடி நான் பாத்த பார்வைதான்.

சாங்கியில எறங்குனதும் "வாங்கம்மா நடந்துடலாம்"னேன். மறுநாள் எனக்கு காலையில ஷிப்ட்.

அம்மா அசையல. "ஏறும்போது உக்காந்து வந்துட்டு எறங்கும்போது நடந்தா பாக்குறவங்க என்ன நெனப்பாங்க? அந்தப் புள்ள சொல்லிச்சுல்ல, கடைசியாதான் எறக்குவோம்னு. இரு."

இருந்தோம். மொத்த ப்ளேனும் எறங்கிடுச்சு, க்ளீனிங் ஆளுங்க ஏறிட்டாங்க, பையன் சீட்டுலயே தூங்கிட்டான், நான் மணியப் பாத்துக்கிட்டே இருக்கேன். இருபத்தஞ்சு நிமிஷம் கழிச்சு ஒரு சீன அங்கிள் நாற்காலியத் தள்ளிட்டு வந்தாரு. முடி பூரா வெள்ள, முதுகு லேசா வளஞ்சிருக்கு, முழங்கால்ல பட்டை போட்டிருக்காரு. அம்மா அவரயே பாத்தாங்க.

"அவருக்கு வயசு என்னன்னு கேளு."

"ஏம்மா..."

"கேளுடா."

கேட்டேன். எழுபத்திரண்டுன்னாரு, சிரிச்சிக்கிட்டே. அம்மாவுக்குச் சொன்னேன். அவ்வளவுதான், சேலையச் சொருகிக்கிட்டு எந்திரிச்சிட்டாங்க. அவரு பதறிப் போயி "கேனாட், ஆன்ட்டி, கேனாட்"ங்கிறாரு, அம்மா தமிழ்லயே "நீங்க வழி மட்டும் காட்டுங்க, நான் வரேன்"ங்கிறாங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்னத்த மொழிபெயர்க்குறது. கடைசியில அம்மா முறுக்கு டின்ன நாற்காலியில வச்சாங்க, அது மேல கைப்பைய வச்சாங்க, அங்கிள் அதத் தள்ள, பக்கத்துல அம்மா நடக்க, தூங்குற பையனத் தோள்ல போட்டுக்கிட்டு நானும் மனைவியும் பின்னாடி.

எங்க ரெண்டு பேருக்கும் பிஆர் (நிரந்தரவாசி) வழி தனியா இருந்துச்சு, ஆனா அம்மாவுக்காக நானும் அந்த அங்கிளோட உதவி கவுண்டருக்கே போனேன். ஆபீசர் எட்டி நாற்காலியப் பாத்தாரு, முறுக்கு டின்னு. அங்கிளப் பாத்தாரு. அங்கிள் அம்மாவக் கை காட்டுனாரு. அம்மா கட்ட வெரல சேல முந்தானையில நல்லாத் தொடச்சு வச்சாங்க. மூணாவது தடவை விழுந்துச்சு.