விற்கும்போது சிறுவர் கொண்டாட்டம், பணத்தைத் திருப்பிக் கேட்டால் யூஏ படம்: பெற்றோர் கவனத்துக்கு

எங்கள் ஊர் மால் திரையரங்கு ஒன்றில் இப்போது ஒரு விண்வெளிப் படத்துக்குச் ‘சிறுவர் கொண்டாட்டம்’ பேனர் கட்டியிருக்கிறார்கள். அதே வாசகம், அதே காகிதப் பொம்மை, அதே பாப்கார்ன். ‘கல்கி 2898 ஏடி’ வந்தபோது இதே பேனரை நம்பித்தான் என் மகனையும் அண்ணன் மகளையும் அழைத்துப் போனோம். பள்ளி விடுமுறை நெருங்குவதால், பிள்ளைகள் கையைப் பிடித்து இழுக்கும் முன் பெற்றோர் இதைப் படித்துவிட வேண்டும்.

அந்தப் படம் 2024 ஜூன் 27 அன்று வெளியானது. நாக் அஸ்வின் இயக்கிய தெலுங்குப் படம். நாங்கள் பார்த்தது தமிழ் மொழிமாற்றம். மகாபாரதத்தையும் எதிர்காலத்தையும் ஒரே கதையில் கோக்கும் துணிச்சலான முயற்சி. அதில் புஜ்ஜி என்று ஒரு கார் உண்டு. கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் மஹிந்திராவும் சேர்ந்து உருவாக்கி, உண்மையிலேயே சாலையில் ஓட்டிக் காட்டிய வண்டி. கீர்த்தி சுரேஷின் குரலில் பேசும். படத்துக்கு முன்பே ‘புஜ்ஜி அண்ட் பைரவா’ என்று சிறிய அனிமேஷன் தொடரும் அமேசான் பிரைமில் வந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். பேனரில் அந்தக் காரைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

‘சிறுவர் கொண்டாட்டம்’ தொகுப்பில் டிக்கெட், முப்பரிமாணக் கண்ணாடி, பாப்கார்ன், ஒட்டிச் செய்யும் காகிதக் கார் எல்லாம் அடக்கம் என்றிருந்தது. விலை சாதாரண டிக்கெட்டை விட நன்றாகவே அதிகம். கவுண்டரில் இருந்த இளைஞரிடம் அண்ணி தெளிவாகக் கேட்டார்: “தம்பி, சின்னப் பிள்ளைகள் பயப்படுவது போல ஏதாவது இருக்கிறதா?” அவர் சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் ஒன்றுமில்லை அக்கா, பிள்ளைகளுக்காகத்தானே இந்தத் தொகுப்பே போட்டிருக்கிறோம்” என்றார்.

உள்ளே போனதும் முதல் சிக்கல் கண்ணாடி. எல்லாம் பெரியவர் அளவு. அண்ணன் மகளின் மூக்கில் அது நிற்கவே இல்லை. சிறுவர் அளவு கேட்டால், “இதுதான் இருக்கிறது, வேண்டுமானால் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள்” என்று பணியாளர் இரண்டு ரப்பர் பேண்டுகளை நீட்டினார். கட்டினோம். கம்பி காதுக்குப் பின்னால் அழுத்தி, இடைவேளையில் பார்த்தபோது தோல் சிவந்து தடித்திருந்தது. சிறுவர் தொகுப்பு என்று பணம் வாங்கியவர்களிடம் சிறுவர் கண்ணாடி ஒன்றுகூட இல்லை.

அதைப் பொறுத்துக்கொண்டிருப்போம். படத்தின் மையத்தில் இருப்பது என்ன என்று யாரும் சொல்லவில்லை என்பதுதான் பெரிய அநியாயம். வானில் மிதக்கும் ‘காம்ப்ளக்ஸ்’ என்ற இடத்துக்குப் பெண்களைப் பிடித்துப் போய், செயற்கையாகக் கருவுறச் செய்து, அந்தக் கருவிலிருந்து சீரம் எடுக்கிறார்கள். கதையின் முதுகெலும்பே அதுதான். தீபிகா படுகோன் அந்தக் கூடத்தில் அடைபட்ட கர்ப்பிணியாக வருகிறார். நெருப்புக்குள் நடந்து வெளியேறுகிறார். பெரியவர்களுக்கு அது வலுவான காட்சி. அண்ணி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. பக்கத்து இருக்கையிலிருந்த அவருடைய மகள், “அம்மா, உன் வயிற்றிலிருந்தும் எடுப்பார்களா?” என்று கேட்டு அழத் தொடங்கினாள். எத்தனை சமாதானம் சொன்னாலும் அழுகை நிற்கவில்லை. அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

சிறிது நேரத்தில் அவள் தேறியதும், கார் வரும் பகுதியையாவது பார்க்கட்டும் என்று திரும்ப வந்தபோது வாசலில் நிறுத்திவிட்டார்கள். வெளியே போனால் மறு அனுமதி இல்லையாம். டிக்கெட்டில் அப்படி ஒரு வரியும் இல்லை. மேலாளர் வந்து சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “இது யூஏ படம் சார். பிள்ளைகளைக் கூட்டிவருவது பெற்றோர் பொறுப்பு.” விற்கும்போது சிறுவர் கொண்டாட்டம், பணத்தைத் திருப்பிக் கேட்டால் யூஏ! இதை எப்படி ஏற்க முடியும்?

சட்டத்தின் நிலை இதுதான். ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படத்துக்கு 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை உள்ளே விடக்கூடாது. யூஏ படத்துக்கு அந்தத் தடை கிடையாது, முடிவு பெற்றோருடையது. அப்போது யூஏ என்றால் 12 வயதுக்குக் கீழே பெற்றோர் வழிகாட்டுதல் தேவை என்று பொருள். 2023-இல் திருத்திய சட்டப்படி இப்போது யூஏ 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள். நல்ல மாற்றம்தான், ஆனால் இவையும் பெற்றோருக்கான பரிந்துரைதான். அப்படி முடிவு எங்கள் கையில் என்றால், முடிவெடுக்கத் தேவையான தகவலை மறைக்கலாமா? விளம்பரத்தில் சான்றிதழ் வகையைக் காட்ட வேண்டும் என்பது விதி. அந்தப் பேனரில் யூஏ என்ற எழுத்தே இல்லை. படம் தொடங்குமுன் திரையில் சான்றிதழைக் காட்டுகிறார்களே என்றால், அதற்குள் பணம் போய்விடுகிறது.

படத்தைக் குறை சொல்லவில்லை. அமிதாப் பச்சனின் அஸ்வத்தாமாவுக்காக மட்டுமே நான் மறுபடி பார்ப்பேன். என் மகனுக்கு அப்போது 13 வயது. கமல்ஹாசன் வரும் காட்சிகளைப் பற்றி வாரக்கணக்கில் பேசினான். அந்த வயதுக்கு மேல் தாராளமாக அழைத்துப் போகலாம். சிறு பிள்ளைகளுக்கு இது சுமை. ஏறக்குறைய மூன்று மணி நேரம். கார் வராத நீண்ட பகுதிகள். முடிவும் முழு முடிவல்ல, அடுத்த பாகத்துக்கான தொடக்கம். அவர்களுக்கு அந்த அனிமேஷன் தொடரே போதும்.

இப்படிப்பட்ட படங்களுக்கு டிக்கெட் எடுக்குமுன், முன்பதிவுச் செயலியில் படப் பெயரோடு வரும் சான்றிதழையும் நேர அளவையும் பாருங்கள். தணிக்கை வாரியத்தின் இணையதளத்திலும் தேடலாம். திரையரங்குப் பேனரை நம்பாதீர்கள். அதைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறு அனுமதி உண்டா, சிறுவர் கண்ணாடி இருக்கிறதா என்று பணம் கொடுக்குமுன் கேளுங்கள். முன்பதிவுக் கட்டணம் பெரும்பாலும் திரும்பி வராது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நாங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தோம். பேனரின் படம், டிக்கெட், கட்டண ரசீது மூன்றையும் இணைத்தோம். திரையரங்கு தரப்பு முதலில் பாப்கார்ன் கூப்பன் தருவதாகச் சொன்னது, மறுத்துவிட்டோம். பிறகு குழந்தையின் டிக்கெட் பணம் மட்டும் வந்தது. தொகுப்புக்குக் கூடுதலாக வாங்கிய தொகை இன்றுவரை வரவில்லை. இந்த விடுமுறையில் உங்களிடமும் இப்படி விற்றால், கூப்பனை வாங்கிக்கொண்டு போய்விடாமல் 1915-ஐ அழையுங்கள்.