சுவர் தெர்மோஸ்டாட்டா, கிளவுட் தெர்மோஸ்டாட்டா?
வேலூர் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். கடைக்குள் வருகிறவர் எல்லாம் ஏசியின் வெப்பநிலையை அமைக்கும் சுவர் தெர்மோஸ்டாட்டை 18-க்குத் திருகுவார்கள். கடை பூட்டிய பிறகும் ஏசி ஓடிக்கொண்டிருக்கும். ஆனாலும் விலை குறைவு, இணையம் வேண்டாம் என்பதால் ஒற்றை அறை அலுவலகத்துக்குச் சுவர் வகையே போதும்.

காந்தி சாலையில் இரண்டு மாடிக் கடை என்றால் என் ஓட்டு இணையம் வழியே இயக்கும் கிளவுட் வகைக்கே. காட்பாடி வீட்டிலிருந்தே கைபேசியில் 24-இல் பூட்டிவிடலாம். ஒரு டிகிரி உயர்த்தினால் மின்செலவு சுமார் 6 சதவீதம் குறையும் என்பது மத்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு.

பொருத்தும்போதுதான் இடறும். பழைய பெட்டியைக் கழற்றினால் உள்ளே இரண்டே கம்பிகள் இருக்கலாம். வைஃபை கருவிக்கு ஓயாமல் மின்சாரம் தர இன்னொன்று இழுக்க வேண்டிவரும். ரூட்டர் கீழ்த்தளத்தில் இருந்தால் கான்கிரீட் தளம் சிக்னலைப் பாதி தின்றுவிடும். ரூட்டருக்கு இன்வெர்ட்டர் இணைப்பை மறந்துவிடாதீர்கள்.