கொழும்பு அரசாங்க வைத்தியசாலை: இருதயத்துக்கு எட்டு, மறதிக்கு மூன்று

அரசாங்க ஆஸ்பத்திரியின் கவனிப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் இருதய வருத்தத்துக்கு எட்டு போடுவேன், மறதி நோய்க்கு (டிமென்ஷியாவுக்கு) மூன்று. இரண்டும் ஒரே ஆளுக்கு இருந்தால் எத்தனை போடுவது என்பதுதான் எனக்குப் பிரச்சினை. என் மாமிக்கு 78 வயது. சாவகச்சேரியில் பிறந்தவர், 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் எங்களோடுதான் இருக்கிறார். சீனி வருத்தமும் பிரஷரும் பழையவை. மறதி மெல்ல மெல்ல வந்தது. மாரடைப்பு சொல்லாமல் வந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரியைப் பற்றி இப்படி மதிப்பெண் போட்டு எழுதலாமா என்று வீட்டில் கேட்டார்கள். "இலவசமாகத் தாறதுக்குக் குறை சொல்லுறதா?" என்றார் என் கணவர். ஏன் இலவசம்? சவர்க்காரம் வாங்கினாலும் 18 சதவீதம் வற் வரி கட்டுகிறோமே. ஒரு கொத்து ரொட்டியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், இதையும் எழுதலாம்.

முதலில் எட்டு வாங்கிய பக்கம். அன்று விடியற்காலை மாமி "வயித்தைப் பிரட்டுது பிள்ளை" என்று மட்டும்தான் சொன்னார். நெஞ்சு நோகிறது என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனால் நைட்டி முழுக்க வியர்வை, முகம் சாம்பல் நிறம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு, அதுவும் பெண்களுக்கு, மாரடைப்பு நெஞ்சு நோ இல்லாமலே வரலாம். மறதியும் சேர்ந்தால் எங்கே என்ன செய்கிறது என்று சொல்லவும் தெரியாது. 1990 என்ற இலவச ஆம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுத்தோம். மறுமுனையில் தமிழில் பேசினார்கள். லூசியாஸ் பேராலயத்துக்கு எந்தப் பக்கம், லேனுக்குள் வண்டி வருமா என்று கேட்டுக்கொண்டார்கள். கணவர் சட்டை மாற்றி முடிப்பதற்குள் ஆம்புலன்ஸ் லேன் முனையில் நின்றது.

இந்தச் சுவசெரிய சேவை 2016இல் இந்திய நன்கொடையோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது, பிறகு நாடு முழுக்கப் போனது. ஒரு சதம் வாங்குவதில்லை. வந்த பிள்ளைகள் இரண்டு பேரும் மாமியை "அம்மே" என்று கூப்பிட்டு, பிரஷர் பார்த்து, கதைத்துக்கொண்டே ஏற்றினார்கள். இந்த நாட்டில் அரசாங்கப் பணத்தில் நடக்கிற சேவைகளில் இதற்கு மட்டும் பத்துக்குப் பத்து கொடுக்கலாம்.

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. போனவுடன் ஈசிஜி எடுத்தார்கள், இரத்தக்கட்டி கரைக்கிற ஊசி போட்டார்கள், பிறகு அஞ்சியோகிராம், பிறகு அடைபட்ட இரத்தக்குழாயைத் திறந்து வைக்கிற ஸ்டென்ட். பக்கத்து வீட்டுக்காரர் தனியாரில் இதே வேலைக்கு லட்சக்கணக்கில் கட்டினார். எங்களுக்கு எந்தக் கவுண்டரிலும் பில் என்று ஒன்று வரவில்லை. வார்டில் கட்டிலுக்கு மேலே காற்றாடி ஒன்று சுற்றுவேனா என்று யோசித்துக்கொண்டிருந்தது, கழிவறையைப் பற்றி எழுத வேண்டாம். ஆனால் இருதயத்தைப் பார்க்கிற கைகள் நல்ல கைகள்.

குறைந்த இரண்டு மதிப்பெண்ணும் இரவுக்கு. முதல் நாள் ராத்திரி மாமி சேலைன் குழாயைப் பிடுங்கிவிட்டு அடுப்படியைத் தேடிப் போயிருக்கிறார். "அடுப்பில பால் வச்சனான், பொங்கிப் போயிடும்" என்று நர்ஸ் மிஸ்ஸிடம் சண்டை. அந்த மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது, மாமிக்குச் சந்தைச் சிங்களம்தான், அதுவும் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. மறதி உள்ளவர்களைப் புது இடத்தில், வருத்தத்தோடு, வெளிச்சம் அணையாத வார்டில் படுக்கவைத்தால் இப்படிக் குழம்பிப்போவது சாதாரணம். டொக்டர்மார் இதை டெலிரியம் என்கிறார்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்தாலே பாதி அடங்கும். ஆனால் கையைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். காலையில் போனபோது மணிக்கட்டில் சிவப்புக் கோடு. பிறகு கேட்டதும் ஒரு பெண் ஆள் இரவில் நிற்கலாம் என்று துண்டு எழுதித் தந்தார்கள். கேட்டால்தான் தருவார்கள், அதனால் கேளுங்கள். "இவருக்கு மறதி நோய் இருக்கிறது, நான் பக்கத்தில் நிற்க வேண்டும்" என்று அட்மிட் பண்ணுகிற நேரத்திலேயே சொல்லி, கட்டில் சீட்டில் எழுதவையுங்கள்.

அப்புறம் கிளினிக். ஐந்து மணிக்குப் போனால் நம்பர் கிடைக்கும், பத்து மணிக்கு டொக்டரைப் பார்க்கலாம், பாமசி வரிசை முடிய மதியம். அஸ்பிரின், அட்டோவாஸ்டாட்டின் எல்லாம் ஒரு மாதத்துக்குத் தருவார்கள். இல்லாத குளிசைக்கு வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு. 2022இல் நாடு கவிழ்ந்து கிடந்தபோது துண்டுதான் அதிகம், குளிசை குறைவு, இப்போது பரவாயில்லை. துண்டோடு முதலில் ஒசு சலவுக்குப் போங்கள், அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் கடை. அங்கே இல்லாவிட்டால்தான் தனியார் பாமசி.

மறதிக்கு வேறு கிளினிக். வேறு நாள், வேறு கட்டடம், வேறு கொப்பி. மறதி நோயைப் பெரும்பாலும் மனநலப் பிரிவுதான் பார்க்கிறது. மாமியின் வயதில் உள்ளவர்கள் அந்தப் போர்டைக் கண்டாலே திரும்பிப் போக நிற்பார்கள். "எனக்கென்ன விசரா?" என்று மாமி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே போன பிறகு ஞாபகப் பரிசோதனை. இன்று என்ன திகதி, இது எத்தனையாம் மாடி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், மூன்று சொல் சொல்கிறேன் திருப்பிச் சொல்லுங்கள். எல்லாம் சிங்களத்தில். நான் மொழிபெயர்த்தேன். மருமகள் மொழிபெயர்த்து மாமி பதில் சொல்கிற பரிசோதனைக்கு என்ன மதிப்பு? பக்கத்தில் நின்ற ஒரு தமிழ் மருத்துவ மாணவி தானாக முன்வந்து தமிழில் திரும்பக் கேட்டாள். முதலில் வந்ததை விடக் கணிசமாகக் கூடிய புள்ளி வந்தது. அந்த மாணவி அன்று அங்கே நிற்காவிட்டால் மாமியின் கொப்பியில் வேறு கதை எழுதப்பட்டிருக்கும். கொழும்பு மாநகர எல்லைக்குள் இருக்கிற ஆஸ்பத்திரியில், மறதி நோய்க்கென்று வருகிற கிழவிகளில் எத்தனை பேர் தமிழ் பேசுகிறவர்கள் என்று யாராவது வரிசையை ஒரு தரம் திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.

சரி, இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். நான் பொறுக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. இருதயக் கிளினிக்கில் மாமிக்குப் பிசோபிரோலோல் கொடுத்தார்கள். இருதயத் துடிப்பை மெதுவாக்கி அதன் வேலையைக் குறைக்கிற குளிசை. மறதிக் கிளினிக்கில் டொனெபெசில் கொடுத்தார்கள். ஞாபகத்துக்கு ஓரளவு கைகொடுக்கிற குளிசை, ஆனால் அதுவும் துடிப்பை மெதுவாக்கக்கூடியது. இரண்டும் சேர்ந்தால் சிலருக்கு நாடி மிகவும் இறங்கித் தலைசுற்றி விழுவார்கள். மாமி குளியலறை வாசலில் விழுந்தார். மறதி முற்றிவிட்டது, நடை தளர்ந்துவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். வெளிநோயாளர் பிரிவில் (ஓபிடியில்) இருந்த இளம் டொக்டர் ஒருவர் நாடி பிடித்தார், நிமிஷத்துக்கு 44. இரண்டு கொப்பிகளையும் மேசையில் பக்கம் பக்கமாக விரித்துவைத்துப் படித்தார். "ரெண்டு பேரும் ஒருத்தர் எழுதினதை மற்றவர் பார்க்கல்ல" என்றார், தமிழில்தான். ஒன்றின் அளவைக் குறைத்தார், ஒன்றை நிறுத்தி ஈசிஜி எடுக்கச் சொன்னார். மாமி இப்போது விழுவதில்லை.

டொக்டர்மாரைக் குறை சொல்லவில்லை. ஒரு காலையில் அத்தனை பேரைப் பார்க்கிறவர், தன் கிளினிக் கொப்பியைத் தவிர வேறு கொப்பி இருக்கிறது என்று எப்படி அறிவார்? கொப்பியைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டியவர் மறதிக்காரர். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு, இரத்தம் கட்டாமல் தடுக்கிற குளோபிடோகிரெல் பொதுவாக ஒரு வருஷம் விடாமல் போட வேண்டும், இடையில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் திரும்பக் கட்டி அடைக்கலாம். இதை டிஸ்சார்ஜ் நேரத்தில் மாமிக்கு விளக்கிச் சொல்லி, "விளங்கிச்சா அம்மா?" என்று கேட்டார்கள். மாமி அழகாகத் தலையாட்டினார். அவ்வளவு பெறுமதியான ஸ்டென்டை வைத்துவிட்டு, அதைக் காப்பாற்றுகிற பொறுப்பை மறதிக்காரரின் கையில் கொடுத்து அனுப்புகிற ஏற்பாடு இது.

இருதயத்துக்கு எட்டு வந்தது சும்மா வரவில்லை. 2010இல் இருதய நோய், சீனி வருத்தம் போன்ற தொற்றா நோய்களுக்கென்று தேசியக் கொள்கை வந்தது. அடுத்த வருஷமே ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்கள் தொடங்கின. நடுத்தர வயதுக்காரர் போய்ப் பிரஷர், சீனி, எடை பார்க்கலாம், மாரடைப்பு வரும் வாய்ப்பைக் கணக்குப் போட்டுச் சொல்வார்கள். 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை கட்டினார்கள். அதே வருஷம் சோடாப் போத்தலில் சீனி அளவுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறம் வந்தது. எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் போனதென்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு கோடு இருந்தது.

மறதிக்கு அப்படி ஒரு கோடு என் கண்ணில் படவில்லை. உலகம் பூராவும் இதே கதைதான் போலும். உலக சுகாதார நிறுவனம் 2017இல் செயற்திட்டம் போட்டு, 2025க்குள் முக்கால்வாசி நாடுகள் மறதி நோய்க்கென்று கொள்கை வகுக்க வேண்டும் என்றது. நடக்கவில்லை, 2025 மே மாதம் அதை 2031வரை நீட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், மறதி நோய்த் தடுப்பின் பெரும்பகுதி ஏற்கனவே இருதயக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் பதினான்கு காரணங்களைப் பட்டியல் போட்டு, அவற்றைச் சரிசெய்தால் மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், புகைத்தல் எல்லாம் அதில் உண்டு. காது கேட்காததும் உண்டு. ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டரில் பிரஷர் பார்க்கிறபோது, "இது உங்கள் மூளைக்கும்தான்" என்று ஒருவர் சொன்னாலே செலவில்லாத பிரசாரம். நான் போனபோது ஒருவரும் சொல்லவில்லை.

இன்னொன்று. என் மகள் பிறந்தபோது மிட்வைஃப் மிஸ் வீடு தேடி வந்தார். தொட்டிலைப் பார்த்தார், பால் குடிக்கிறதா என்று கேட்டார், என்னைத் திட்டவும் செய்தார். பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஆள் அனுப்பத் தெரிந்த அரசாங்கம் இது. 2012 கணக்கெடுப்பிலேயே நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். மாமிக்காக எங்கள் லேனுக்கு இதுவரை ஒருவரும் வந்ததில்லை. வந்து குளிசைப் பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால், அந்த இரண்டு குளிசையும் ஒன்றாகக் கிடப்பதை மாமி விழுவதற்கு முன்பே கண்டிருப்பார்கள்.

போகப் போகிறவர்களுக்கு. மாரடைப்புச் சந்தேகம் என்றால் யோசிக்காமல் 1990, காரில் ஏற்றிக்கொண்டு ஓடாதீர்கள். இரண்டு கிளினிக் கொப்பிகளையும் ஒரே பையில் போட்டு இரண்டு இடத்துக்கும் கொண்டுபோங்கள், கேட்காவிட்டாலும் மேசையில் வையுங்கள். மறதிக்குக் குளிசை எழுதினால், "இவருக்கு இருதயத்துக்கு இந்தக் குளிசையும் போகுது" என்று உரக்கச் சொல்லுங்கள், நாடி பார்க்கச் சொல்லுங்கள். ஞாபகப் பரிசோதனையைத் தமிழில் செய்யக் கேளுங்கள், அன்று ஆள் இல்லாவிட்டால் இன்னொரு நாள் கேளுங்கள். அறுபது தாண்டியவருக்கு முதியோர் அடையாள அட்டையைப் பிரதேச செயலகத்தில் எடுத்துவிடுங்கள், வரிசையில் சில இடத்தில் மதிக்கிறார்கள், சில இடத்தில் இல்லை. மனநலம் பற்றி அவசரமாகக் கேட்க 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அரசாங்கம் இல்லாத உதவி வேண்டுமென்றால் லங்கா அல்சைமர் மன்றம் இருக்கிறது.

வாகன நிறுத்தத்துக்கு இடம் கிடையாது, ஓட்டோவில் போங்கள். கென்டீனில் பிளேன்டீ நன்றாக இருக்கும், ரோல்ஸ் வேண்டாம்.