குப்பை வண்டியா, ஆக்கர் குடோனா?

துபாய் வேலையை விட்டு வந்த மச்சினன் முன்னால் இரண்டு தொழில் விலைக்கு நிற்கிறது. ஒன்று, கன்னியாகுமரி லாட்ஜ், ஓட்டல்களில் மாதக் கட்டணத்துக்குக் குப்பை எடுப்பது: ஐந்து குட்டி யானை (சின்ன லோடு வண்டி), 22 ஆட்கள். மற்றது, மார்த்தாண்டம் பக்கம் ஓர் ஆக்கர் குடோன், அதாவது பழைய இரும்பு, அட்டை, பாட்டில் வாங்கி விற்கும் இடம். "எதை அத்தான் வாங்கலாம்?" என்றான்.

வண்டித் தொழிலில் மாதப் பணம் கண்ணை இழுக்கும். விற்பவர் காட்டுவது ஐயப்ப சீசன் பில்தான். ஜூன் மாத பில்லைக் கேள் என்றேன். ஒப்பந்தங்கள் அவர் தனிப்பெயரில் இருந்தால், வண்டி கைமாறுமே தவிர ஒப்பந்தம் தானாக மாறாது. ஒவ்வொரு ஓட்டலிலும் புதுக் கையெழுத்து வேண்டும். ஆட்கள் இருபதைத் தாண்டியதால் பி.எஃப். உண்டு, பழைய முதலாளி வைத்த பாக்கி வாங்குகிறவர் தலையிலும் விழும். எட்டு வருஷம் கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) வேறு. ஈரக்குப்பைத் தண்ணீர் பாடியைத் தின்றிருக்கும், அடியில் குனிந்து பார்க்கணும்.

இதெல்லாம் சில்லறை. எடுத்ததை எங்கே இறக்குகிறார்கள்? சோறும் எச்சிலும் பன்றிப் பண்ணைக்குப் போகிறதாம். மிச்சம்? "அதுக்கெல்லாம் ஆள் இருக்கு" என்றாராம் விற்பவர். அந்த ஆள் விலைக்கு வருவதில்லையே! வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்கு எரிந்து புகைந்த கதை நாகர்கோவில்காரர்களுக்குத் தெரியும். இன்னொரு குப்பைமேட்டுக்கு எந்த ஊரும் இடம் தராது. நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களுக்கு 2016 திடக்கழிவு விதிகளிலிருந்தே அதைக் கையாளும் தனிப் பொறுப்பு உண்டு. பெரிய ஓட்டல் சொந்தமாக உரக்குழியோ சாண எரிவாயு மாதிரி கலனோ போட்டால், நல்ல வாடிக்கையே முதலில் போகும்.

கேரளக் குப்பை லோடு ஆசையும் காட்டினார்கள். 2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூர் பக்கம் கொட்டிய மருத்துவக் கழிவைப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, கேரளமே லாரி அனுப்பி அள்ளிச்சென்றது. எல்லையில் களியக்காவிளை தாண்டி வரும் அந்தக் காசு வேண்டாம்.

குடோனில் சரக்குக்கு எப்போதும் போக்கிடம் உண்டு, விலைதான் ஆடும். இரண்டு மழைக்காலமும் உள்ள மாவட்டம். ஓடு ஒழுகினால் நனைந்த அட்டைக்கு எடை கழிப்பார்கள். 2024 அக்டோபர் 10 முதல், பதிவில்லாத ஆளிடம் உலோகப் பழசு வாங்கும் பதிவுபெற்ற வியாபாரியே 18 சதவீத ஜிஎஸ்டியைக் கட்டவேண்டும். பிறகு விற்பனை வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் முதலில் கைக்காசு. அந்தத் தேதிக்குப் பிந்தைய கணக்கில் இது இல்லையென்றால் வரப்போகும் நோட்டீஸையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். கரிந்த செம்புக் கம்பி குவிந்திருந்தால் அது திருட்டுக் கேபிளை எரித்து எடுத்ததாக இருக்கலாம், போலீஸ் வாசலுக்கு வரும் வழியும் அதுவே.

என் ஓட்டு குடோனுக்கு, இட வாடகைப் பத்திரம் பத்து வருஷத்துக்குக் கிடைத்தால். லாட்ஜுகளின் அட்டை, பாட்டிலை மட்டும் அதே குடோனுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

அவனோ இன்னும் ஓட்டல் பில்களைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறான். மாதச் சம்பளம் வாங்கிப் பழகிய கை.