மாடி வரை எங்கள் பொறுப்பு என்றார்கள்; அலமாரியின் அடியை அறுத்துவிட்டுப் போனார்கள்

வீட்டைப் புதுப்பிக்கும் வேலையோடு மாடி அறைக்குப் பெரிய அலமாரியும் வாங்கப்போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். கடையின் பெயரைக் கேட்காதீர்கள், புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

நாங்கள் வாங்கியது 8 அடி உயரம், 4 அடி அகலம், 2 அடி ஆழத்தில் முழுதாகப் பூட்டி முடித்த அலமாரி. அளவெடுக்க வந்த கடை ஊழியர், அது நிற்கவேண்டிய சுவரை மட்டும் அளந்தார். புதிதாகப் போட்ட ஃபால்ஸ் சீலிங்குக்கும் தரைக்கும் இடையே 8 அடி 2 அங்குலம். "தாராளமாக நிற்கும். அறைக்குள் கொண்டுவந்து நிறுத்துவது வரை எங்கள் பொறுப்பு" என்றார்.

நிற்கும்தான். ஆனால் நிற்பதற்கு முன்னால் எழ வேண்டுமே! படுத்திருக்கும் பெட்டியை நிமிர்த்தும்போது அதன் ஒரு மூலை, பெட்டியின் உயரத்தையும் தாண்டிப் போய்த்தான் கீழே இறங்கும். 8 அடிக்கு 2 அடி என்றால் மூலைவிட்டம் ஏறக்குறைய 8 அடி 3 அங்குலம். எங்கள் அறையில் ஓர் அங்குலம் குறைகிறது. பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் கணக்குதான் இது. அலமாரி விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

படிக்கட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 3 அடி அகலம், நடுவில் செங்கோணத் திருப்பம். அப்படிப்பட்ட திருப்பத்தில் மெல்லிய கம்பியை எட்டரை அடி நீளம் வரை திருப்பிக் கொண்டுபோகலாம். அதுவே 2 அடி தடிமனுள்ள பொருளைப் படுக்கவைத்துத் தூக்கினால் நாலரை அடிக்கு மேல் திரும்பாது. இறக்க வந்த ஆட்களுக்கு இது பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. "கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்ற வேண்டும், அதற்குக் கூலி தனி" என்றார்கள். பொருள் வாசலில் கிடக்கிறது, வண்டி கிளம்பிவிட்டது. கேட்டதைக் கொடுத்தோம். பொருள் நல்ல நிலையில் கிடைத்தது என்ற கையெழுத்தை வண்டியிலிருந்து இறக்கும்போதே வாங்கியிருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பால்கனிக் கைப்பிடிச் சுவரின் புதுப் பூச்சு பெயர்ந்தது. அது போகட்டும். அலமாரி அறைக்குள் போனதும், "கீல் சரிசெய்ய வேண்டும், நீங்கள் கீழே இருங்கள்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். இயந்திரச் சத்தம் கேட்டது. எங்களைக் கூப்பிட்டபோது அலமாரி சுவரோரம் நிமிர்ந்து நின்றது. அறையும் சுத்தமாகப் பெருக்கியிருந்தது.

தரையைத் துடைக்கத் துடைக்க அலமாரியின் அடி உப்பத் தொடங்கியது. பிறகு கதவுகள் இடித்துக்கொண்டன. தச்சரை அழைத்துக் காட்டியபோது அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: அடியிலிருந்த நாலு அங்குலப் பீடத்தை அறுத்து எடுத்துவிட்டு, வெட்டுத் தெரியாமல் முன்னால் ஒரு பட்டையை ஒட்டியிருக்கிறார்கள். பலகை மரச்சில்லுகளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு. மைக்காவும் ஓரப்பட்டையும் மூடியிருக்கும் வரை அதற்கு ஆபத்து குறைவு. அறுத்த ஓரமோ தண்ணீரைப் பஞ்சு போல உறிஞ்சும். ஒருமுறை ஊதிவிட்டால், காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது.

கடையில் கேட்டால், ஏற்றிய ஆட்கள் தங்கள் ஊழியர்கள் இல்லையாம், ஒப்பந்தக்காரர்களாம். கையெழுத்தைக் காட்டினார்கள். பொருளை வெட்டியிருப்பதால் உத்தரவாதமும் செல்லாதாம். வெட்டியது யார் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. புதுக் கதவுகளைச் சலுகை விலையில் தருவதாக மட்டும் சொன்னார்கள்.

ஆகவே, பலகைகளாக வந்து அறைக்குள் பூட்டுவார்களா, முழுதாக வருமா என்பதை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். ஏற்றுக்கூலி யாருடையது, வழியில் சேதமானால் யார் பொறுப்பு என்பதும் அதில் இருக்கட்டும். அளவெடுக்க வருபவர் வாசல் நிலை, படித் திருப்பம், கூரை எல்லாவற்றையும் அளக்காமல் போனால் விடாதீர்கள். முடிந்தால் ஃபால்ஸ் சீலிங்கையும் படிக்கட்டுக் கம்பியையும் பெரிய பொருள்கள் மேலே போன பிறகு போடுங்கள். வேலை நடக்கும்போது அறைக்குள்ளேயே இருங்கள். "கீழே இருங்கள்" என்று யாராவது சொன்னால், அப்போதுதான் கட்டாயம் அறைக்குள் இருக்க வேண்டும்.

அடுத்த அலமாரியை அதே தச்சரிடம் கொடுத்திருக்கிறோம். பலகைகளைத் தனித்தனியாகப் படி வழியே கொண்டுவந்து அறையிலேயே பூட்டுவார். கையெழுத்து, கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்த பிறகு.