பேஸ் கித்தாருக்கு எந்தக் கம்பி?

பாளையங்கோட்டைத் தேவாலயப் பாடகர் குழுக்களில் பேஸ் கித்தார் வாசிக்கத் தொடங்குவோர் ரவுண்ட்வவுண்ட் (மேலே உருண்டைக் கம்பி சுற்றிய) கம்பியா, ஃப்ளாட்வவுண்ட் (மேலே தட்டை நாடா சுற்றிய) கம்பியா என்று தயங்குவதுண்டு.

விலை: ரவுண்ட்வவுண்ட் பெரும்பாலும் மலிவு.

உழைப்பு: ரவுண்ட்வவுண்டின் வரிப்பள்ளங்களில் விரல் வியர்வையும் அழுக்கும் படிவதால், நம் சித்திரை வெயிலில் அடிக்கடி வாசித்தால் சில வாரங்களிலேயே அதன் கணீரோசை மங்கிவிடும்; வழவழப்பான ஃப்ளாட்வவுண்டோ ஆண்டுக்கணக்கில் தாங்குவதோடு கழுத்தின் குறுக்கே பதித்த உலோக ஃப்ரெட்டுகளையும் குறைவாகவே தேய்க்கும்.

ஒலி: முன்னதில் விரல் நகரும்போது எழும் கீச்சொலி, மெல்லிய ஞானப்பாட்டின் நடுவே உறுத்தும். பின்னது மிருதங்கத் தொப்பியைத் தட்டியதுபோல் திரண்டு ஒலிக்கும்.

பொருத்துதல்: ஃப்ளாட்வவுண்டின் இழுவிசை பொதுவாக அதிகம் என்பதால் கழுத்து முன்வளைந்தால், கழுத்தினுள்ளே அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டான டிரஸ் ராடை ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் முறுக்காமல் இறுக்கி, பிறகு 12ஆவது ஃப்ரெட்டில் சுருதியைச் சரிபார்க்க வேண்டும்.

கீர்த்தனைகளுக்கு ஃப்ளாட்வவுண்டே என் தேர்வு. கச்சேரி மேடையில் கட்டைவிரலால் அடித்து வாசிப்பவர் ரவுண்ட்வவுண்டையே வாங்கலாம்.